வாசகர் கேள்விகள்: எங்கள் மண்ணின் கதிர்வீச்சை எப்படி அளக்கிறார்கள்?

மண்ணிலும் கடனீரேரிச் சேற்றிலும் இயற்கையாகவே கிடக்கும் கதிர்த்தொழிற்பாட்டுத் தனிமங்களை அளக்கும் வேலையில் இருபத்தெட்டு ஆண்டு இருந்தேன் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாக இருக்கின்றன. பயத்தோடு எழுதியவர்கள் பலர். அவர்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஒன்பது பரப்புக் காணியில் வெங்காயம் செய்கிறோம். பொற்றாசியம் உரத்தில் கதிர் இருக்கிறது, அது மண்ணில் சேர்ந்து சேர்ந்து பிள்ளைகளுக்கு நோய் கொண்டுவரும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. உரம் போடுவதை நிறுத்தட்டுமா ஐயா?
— வாசகி, கோப்பாய்

நிறுத்த வேண்டாம், பிள்ளை. உரத்தில் கதிர் இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மைதான். எவ்வளவு என்பதை அவர் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து கணக்குப் பாருங்கள்.

பொற்றாசியம் எங்கே இருந்தாலும், உரப் பையிலும் சரி, இளநீரிலும் சரி, அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பொற்றாசியம்-40 என்ற கதிர்வீசும் வகை கலந்தே இருக்கும். அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைந்து முடிய எடுக்கும் காலம், ஏறத்தாழ 125 கோடி ஆண்டு. ஒரு கிராம் பொற்றாசியத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 31 அணுக்கள் சிதைகின்றன. விநாடிக்கு ஒரு சிதைவு என்பதைத்தான் ஒரு பெக்கரல் என்கிறோம். நீங்கள் போடும் எம்.ஓ.பி. உரத்தில், அதாவது பொற்றாசியம் குளோரைட்டில், பாதியளவு பொற்றாசியம். ஆகவே ஒரு கிலோ உரத்தில் 16,000 பெக்கரல் அளவில் இருக்கும். கேட்டவுடன் நெஞ்சு திடுக்கிடும் எண் இது. அவரும் இந்த இடத்தில்தான் நின்றிருப்பார்.

இனி உங்கள் காணிக்கு வருவோம். ஒரு பரப்பு பத்துப் பேர்ச், அதாவது 253 சதுர மீற்றர். மண்வெட்டி புரட்டும் ஆழத்தை 15 சென்ரிமீற்றர் என்று வைத்தால் 38 கன மீற்றர் மண், நிறையில் ஏறக்குறைய 53,000 கிலோ. பரப்புக்கு ஐந்து கிலோ உரம் போட்டால் 80,000 பெக்கரல் அந்த 53,000 கிலோவிலும் பரவுகிறது. கிலோவுக்கு ஒன்றரை பெக்கரல். உலக மண்ணில் பொற்றாசியம்-40 சராசரியாகக் கிலோவுக்கு 400 பெக்கரல் உண்டு. நானூறோடு ஒன்றரை சேர்கிறது, அதிலும் ஒரு பங்கை வெங்காயம் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விடுகிறது. உங்கள் உடம்பிலேயே, என் உடம்பிலேயே, சில ஆயிரம் பெக்கரல் பொற்றாசியம்-40 எப்போதும் இருக்கிறது. உடம்பு தனக்கு வேண்டிய அளவை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் கழித்துவிடும்.

உரத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் கவலை வேறு. எங்களுடைய நிலத்தடி சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமுமாக இருக்கும் அந்தக் கல் எதையும் வடிகட்டுவதில்லை. அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா நைத்திரேற்றாகி நேரே கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடு என்றால் கிணற்றுத் தண்ணீரை இந்த மாதமே சோதிக்கக் கொடுங்கள். அதற்காக ஓர் இரவு நித்திரை இழந்தாலும் பொருள் உண்டு.

மண்ணை ஆய்வுகூடத்தில் கொடுத்தால் ஒரு மாதம் மூடி வைத்துவிட்டுத்தான் அளப்பார்கள் என்று எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் சொன்னார். கோடிக்கணக்கான ஆண்டு பழைய மண்ணுக்கு இன்னும் ஒரு மாதம் எதற்கு?
— உயர்தர மாணவன், நெல்லியடி

தம்பி, வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

யுரேனியம்-238 ஒரே பாய்ச்சலில் ஈயமாகிவிடுவதில்லை. பதினான்கு படி இறங்குகிறது. நடுப்படி ஒன்றில் ரேடியம்-226 இருக்கிறது, அரைவாழ்வு 1,600 ஆண்டு. ரேடியத்தின் பிள்ளை ரேடன்-222. அந்தக் குடும்பத்தில் வாயுவாகப் பிறப்பது அது ஒன்றுதான். மற்றவை மண்மணிக்குள்ளேயே கிடக்க, ரேடனில் ஒரு பகுதி துளை வழியே வெளியேறிக் காற்றோடு கலந்துவிடும். மண்ணைத் தோண்டி, காயவைத்து, இடித்து, அரிக்கும்போது இன்னும் கூடுதலாகத் தப்பும்.

தப்பினால் என்ன என்று கேட்பாய். ஒவ்வொரு அணுவின் காமாக் கதிருக்கும் தனக்கென்று ஒரு சக்தி உண்டு, அதை வைத்துத்தான் அணுவை அடையாளம் காண்கிறோம். ரேடியம் தானே வீசும் காமாக் கதிர் 186 கிலோ இலத்திரன்வோற்றுச் சக்தியில் விழுகிறது. யுரேனியம்-235இன் கதிரும் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழுகிறது. இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. ஆகவே ரேடனின் வழித்தோன்றல்களான ஈயம்-214, பிஸ்மத்து-214 இரண்டையும் எண்ணி, அதிலிருந்து ரேடியத்தின் அளவைச் சொல்கிறோம். 352, 609 என்ற இடங்களில் அவற்றின் உச்சிகள் தனியாக, தெளிவாக எழும். பேரப்பிள்ளைகளை எண்ணிப் பாட்டனை அறியும் வேலை இது. நடுவில் ஒருவர் வீட்டை விட்டுப் போய்விட்டால் கணக்குப் பிழைக்கும்.

ரேடனின் அரைவாழ்வு 3.8 நாள். காற்றுப் புகாமல் மூடி வைத்தால் 27 நாளில் ஏழு அரைவாழ்வு கழியும். தப்பிய ரேடனால் வந்த குறை 128இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு ரேடியம் எத்தனை சிதைகிறதோ அத்தனையே பிஸ்மத்தும் சிதையும். அந்த ஒரு மாதம் அதற்குத்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை விட ஒரு பிழையில் படித்ததுதான் அதிகம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரே சாக்கு மண்ணை இரண்டு பாத்திரங்களில் நிரப்பினேன். அடிப்பக்கம் குழிந்த பிளாஸ்ரிக் பாத்திரம் அது, காமாக் கதிரை எண்ணும் உணரியின் தலையில் தொப்பி போலக் கவிழும். மூடியின் விளிம்பைச் சுற்றி மூன்று சுற்று ரேப், அதன்மேல் உருக்கிய மெழுகு, மேலே தேதி. முப்பது நாள் கழித்து அளந்தேன். இரண்டிலும் பொற்றாசியம் ஒன்றாகவே இருந்தது. யுரேனியத்தைப் போலவே மண்ணில் இயற்கையாகக் கிடக்கும் தோரியமும் ஒன்றாகவே இருந்தது. ரேடியம் மட்டும் ஒரு பாத்திரத்தில் கால்பங்கு குறைவு. உணரியில்தான் கோளாறு என்று நான் சாதித்தேன். என் மேலதிகாரி ஒன்றும் பேசாமல் பாத்திரத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துச் சுற்றினார். மெழுகுக்கு அடியில், மூடியின் ஓரத்தில், தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு.

“உணரி பிழைத்தால் மூன்றும் பிழைக்கும். ரேடியம் மட்டும் பிழைத்தால் ரேடன் போயிருக்கிறது,” என்றார். தோரியக் குடும்பத்திலும் ஒரு ரேடன் உண்டு, ரேடன்-220. அதன் அரைவாழ்வு 56 விநாடி. வெடிப்பைத் தேடிப் போய்ச் சேருமுன்னே அது சிதைந்து முடிந்துவிடும். அதனால்தான் தோரிய எண் அசையவில்லை. மண்ணைப் புதுப் பாத்திரத்துக்கு மாற்றி மறுபடியும் ஒரு மாதம் காத்திருந்தேன். ஓய்வுபெறும் நாள்வரை ஒவ்வொரு மூடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நான் மூடியதில்லை.

ஆசிரியர் ஒரு கணக்குக் கேட்டால் இதைக் காட்டு. அரைக் கிலோ மண், ஒரு நாள், அதாவது 86,400 விநாடி எண்ணினோம் என்று வை. பொற்றாசியம்-40இன் 1461 உச்சியில், வெறும் பாத்திரத்தின் எண்ணிக்கையைக் கழித்த பிறகு 8,640 கிடைத்தது. விநாடிக்கு 0.1. அந்த அணு நூறு சிதைந்தால் ஏறத்தாழ 10.7 தடவைதான் இந்தக் காமா வரும். வந்ததில் நூற்றுக்கு ஒன்றைத்தான் எங்கள் உணரி பிடிக்கிறது என்று கொள்வோம். 0.1ஐ 0.107ஆலும் 0.01ஆலும் 0.5ஆலும் வகுத்தால் கிலோவுக்கு 187 பெக்கரல். அந்த ‘நூற்றுக்கு ஒன்று’ என்ற எண்ணைத்தான் கண்போலக் காக்க வேண்டும். அளவு முன்பே தெரிந்த நியம மாதிரி ஒன்றை, மண் இருந்த அதே வடிவப் பாத்திரத்தில், அதே உயரத்துக்கு நிரப்பி அளந்து அதைப் பெறுவார்கள். சர்வதேச அணுசக்தி முகவரகம் யுரேனியம், தோரியம், பொற்றாசியம் மூன்றுக்கும் தனித்தனியாக அப்படிப்பட்ட நியமப் பொடிகள் தருகிறது.

கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு கைகர் கருவி அனுப்பினார். வீட்டுக்குள் மணித்தியாலத்துக்கு 0.11 மைக்ரோசீவேட் காட்டுகிறது. குசினியின் கருங்கல் பலகை அருகில் 0.19. ஐப்பசி மழை கொட்டிய அன்று முற்றத்தில் சட்டென்று கூடியது. கூடங்குளத்திலிருந்து வருகிறதா என்று அயலில் எல்லோரும் கேட்கிறார்கள்.
— வாசகர், சாவகச்சேரி

உங்கள் கருவி பொய் சொல்லவில்லை. எந்த அணுவிலிருந்து கதிர் வருகிறது என்பதைச் சொல்ல அதற்குத் தெரியாது. தட்டுகிற சத்தத்தை எண்ணுவது மட்டுமே அதன் வேலை.

கருங்கல்லில் எங்கள் சுண்ணாம்புக்கல்லை விடப் பொற்றாசியமும் தோரியமும் யுரேனியமும் கூடுதல். ஆகவே பலகை அருகில் சற்று ஏறுவது இயல்பு. 0.05இலிருந்து 0.2 வரை உலகின் பல ஊர்களில் சாதாரணமாகக் காணும் அளவு. பலகையைக் கழற்ற வேண்டாம்.

மழைக்கு வருவோம். காற்றில் மிதக்கும் ரேடன் சிதைந்து ஈயம்-214, பிஸ்மத்து-214 ஆகித் தூசியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழை அந்தத் தூசியைக் கழுவி முற்றத்தில் கொட்டுகிறது. ஒன்றின் அரைவாழ்வு 27 நிமிடம், மற்றதன் அரைவாழ்வு 20 நிமிடம். அடுத்த தடவை மழை விட்டதும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து ஒரு கொப்பியில் குறியுங்கள். மூன்று மணித்தியாலத்துக்குள் எண் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது ரேடனின் பிள்ளைகள்தான். அணுஉலை விபத்தில் பரவும் சீசியம்-137 அப்படி மறையாது, அதன் அரைவாழ்வு 30 ஆண்டு. ஆய்வுகூடத்து ஜேர்மேனியம் உணரியில் அதன் கதிருக்கு 662 என்ற தனி இடம் உண்டு. ஒரு துளி இருந்தாலும் ஆய்வுகூடத்தார் அந்த இடத்தைக் காணாமல் விடமாட்டார்கள். 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வானில் வெடித்த குண்டுகளின் சீசியம் உலகெங்கும் மண்ணில் மிகச் சிறிய அளவில் இன்னும் இருக்கிறது. ஆகவே சீசியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கூடங்குளம் என்று முடிவு கட்டுவதும் பிழை. அந்த உலைகள் இங்கிருந்து 300 கிலோமீற்றர் அளவில் இருக்கின்றன. ஊரவரின் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குத் தக்க விடையை உணரியும் ஒழுங்கான அளவையுமே தரும், வாய்ப்பேச்சு தராது.

இன்னொன்று. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லாதீர்கள். நிமிடத்துக்கு 20 தட்டு என்றால் 15ஆகவும் 25ஆகவும் அது தன்பாட்டில் ஊசலாடும். நூறு நிமிடம் எண்ணினால் 2,000 வரும், ஊசலாட்டம் 45 அளவில் அடங்கும்.

வடமராட்சி கிழக்கில், வாடைக்காற்றுக் காலம் முடிய, கரையில் கறுப்புக் கறுப்பாக மணல் படிகிறது. அது தோரிய மணல், அதில் விளையாடினால் புற்றுநோய் வரும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், மணற்காடு

ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி அந்த மணலில் இழுத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வருவது மக்னடைற்று. மிச்சக் கறுப்பில் பெரும்பங்கு இல்மனைற்றாக இருக்கும். இரண்டும் இரும்பு கலந்த கனிமங்கள், நிறை கூடியவை. அலை வெள்ளை மணலை அள்ளிக்கொண்டு போக, நிறை கூடியவை பின்தங்கிக் கோடாகப் படிகின்றன. சுளகில் அரிசி புடைக்கும்போது கல் பின்தங்குகிறதே, அதே வேலைதான். தோரியம் உள்ள மொனசைற்று கறுப்பில்லை, தேன்நிறமும் மஞ்சளும் கலந்தது. ஆனால் அதுவும் நிறை கூடியது. கறுப்போடு சேர்ந்து படியும் வழக்கம் அதற்கு உண்டு. நிறத்தைப் பார்த்து ஆம் என்றும் இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது, அளக்கத்தான் வேண்டும்.

எங்கள் நாட்டில் புல்மோட்டை மணல் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் என்ற கனிமங்களுக்குப் பேர் பெற்றது. பேருவளைக் கரையில் மொனசைற்று உண்டு. அக்கரையில் கேரளத்தின் கருநாகப்பள்ளி உலகறிந்த இடம், மணலில் தோரியம் மிகுதி. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பிள்ளைகளைக் கரையில் விளையாட விடுங்கள். அந்த மணலை வீட்டுக்கு அள்ளி வந்து தரைக்குப் போடுவதென்றால் மட்டும் முதலில் ஒரு மாதிரி அளந்து பாருங்கள்.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. கலை வரலாற்றுக்காக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி அடிப்படையில் ஒரு புவியியலாளர். தந்தைவழியில் எங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தவர். இலங்கையின் கனிமவள அளவைக்கு முதற் பணிப்பாளராக இருந்தபோது, பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக் கற் சரளையிலிருந்து கனத்த கறுப்புக் கனிமம் ஒன்று அவர் கைக்கு வந்தது. முதலில் அதை யுரேனியக் கனிமம் என்றே கொண்டார்கள். 1904இல் இலண்டனில் பகுத்துப் பார்த்தபோது பெரும்பங்கு தோரியம் என்று தெரிந்தது. உலகுக்கே புதிய கனிமம், தோரியனைற்று. நடராசர் சிலையை அவர் பார்த்த கண்ணைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடங்களில் பேசுகிறோம். அந்தக் கல்லைப் பார்த்த கண்ணைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வீடு கட்டுகிறோம். மணலையும் கல்லையும் அளந்த அறிக்கையில் ‘ரேடியம் சமவலு 96’ என்று இருக்கிறது. கூடவா, குறைவா?
— வாசகி, மானிப்பாய்

குறைவு. மூன்றின் கதிரையும் ஒரே எண்ணில் சொல்வதற்காக, ரேடியத்தின் அளவோடு தோரியத்தை 1.43ஆல் பெருக்கி, பொற்றாசியத்தை 0.077ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும் எண் அது. கட்டடப் பொருளுக்கு 370 வரை ஏற்கலாம் என்பது வழக்கமான எல்லை. அறிக்கையில் 96க்குப் பக்கத்தில் கூட்டல்-கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். வழுவைச் சொல்லாத அளவையை நான் அளவையாகக் கொள்வதில்லை. யன்னலைப் பெரிதாக வையுங்கள், ரேடனுக்கு அதுவே நல்ல மருந்து.

எங்கள் மாணவர்களோடு தொண்டைமானாற்றுச் சேற்றை எடுத்து அளக்கக் கொடுக்க நினைக்கிறோம். மேட்டுச் செம்மண்ணுக்கும் சேற்றுக்கும் வேறுபாடு தெரியுமா? எப்படி எடுப்பது?
— ஆசிரியை, வடமராட்சி

மகிழ்ச்சி, ரீச்சர். வேறுபாடு தெரிய வேண்டும், அதற்குக் காரணமும் உண்டு. சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரைந்து போகப் போக, கரையாத களியும் இரும்பும் மிஞ்சுகின்றன. எங்கள் செம்மண் அப்படி மிஞ்சியது. தோரியம் தண்ணீரில் கரைய மறுக்கும், களியோடு ஒட்டிக்கொண்டு மேட்டிலேயே தங்கும். யுரேனியத்தின் குணம் வேறு. காபனேற்று உள்ள நீரில் அது கரைந்து கடல்வரை போகும், ஒட்சிசன் இல்லாத கறுப்புச் சேற்றில் மறுபடியும் படியும். ஆகவே இரண்டின் விகிதத்தையும் பாருங்கள். தனி எண்ணை விட அந்த விகிதம் உங்களுக்குக் கூடுதலாகச் சொல்லும்.

சேற்றில் இன்னொரு புதையல் ஈயம்-210. அரைவாழ்வு 22 ஆண்டு. வானிலிருந்து ஓயாமல் படிந்துகொண்டே இருக்கும், ஆழம் போகப் போகக் குறையும். குழாய் இறக்கி வெட்டுப்படாமல் சேற்றுத் தூண் எடுத்து, இரண்டு சென்ரிமீற்றர் துண்டுகளாக அளந்தால், நூறு ஆண்டுவரை சேறு எந்த வேகத்தில் நிரம்பியது என்று கணக்கிடலாம். இது பெரிய வேலை. முதல் வருடம் மேற்சேற்றோடு நிறுத்துங்கள்.

மேட்டு மண்ணுக்கு ஐந்து குழி, நான்கு மூலையிலும் நடுவிலும். புல்லை நீக்கி 15 சென்ரிமீற்றர் ஆழம். அன்று உரம் போட்ட தோட்டத்தில் எடுக்க வேண்டாம், வேலியோரமும் வேண்டாம். ஐந்தையும் ஒரு சாக்கில் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டை மட்டும் வைத்து மறுபடி கலக்குங்கள், இரண்டு கிலோ மிஞ்சும்வரை. சேற்றுக்கு மரக்கைபிடி அகப்பை போதும். சிப்பியையும் வேரையும் கையால் பொறுக்கிவிடுங்கள். உப்புநீரோடு காயவிட்டால் உப்பின் நிறையும் மண்ணின் நிறையாகக் கணக்கில் சேர்ந்துவிடும். நீரை வடித்துவிட்டுக் காயவையுங்கள். வடித்தாலும் கொஞ்சம் உப்பு எஞ்சும், அதை ஆய்வுகூடத்துக்கு எழுதிச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு. இடம், ஆழம், தேதி, எடுத்த பிள்ளையின் பெயர். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பேனை மை சேற்று ஈரத்தில் ஊறிவிடும். வெளியூர்த் துண்டு ஒன்றில் மை ஊறிப்போய், நாற்பது பைகளில் ஒன்று எந்தக் கரையுடையது என்று தெரியாமல் நான் எறிய நேர்ந்தது. அந்தக் கரைக்கு மறுபடி போய்வர ஒரு நாள் முழுவதும் பஸ்ஸில் இருந்தேன். பைகள் தயாரானதும் எழுதுங்கள், மூடிகளைப் பார்த்துத் தர நானே வருகிறேன்.